சாரணர் ஸ்கார்ஃபும் சென்னைப் பிள்ளைகளும்

1/ உங்க பிள்ளை ஸ்கவுட்ல சேர ஃபார்ம் கொண்டு வந்தா என்ன செய்வீங்க? "படிப்பு கெட்டுடும்"னு ஓரமா வைக்கிறவங்க நிறைய பேர். இந்த இழையைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட இடம் அது.

2/ 1899-1900, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகர முற்றுகை. அங்கே சிறுவர்கள் செய்தி கொண்டு போகும் வேலையைப் பொறுப்பா செய்தாங்க. நகரைக் காத்த பேடன் பவல் மனதில் அது பதிந்தது. 1907-ல் பிரவுன்சி தீவில் சுமார் 20 சிறுவர்களோடு முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் பிறந்தது.

3/ இரண்டே வருடத்தில், 1909-ல், கேப்டன் பேக்கர் பெங்களூரில் முதல் குழுவைத் தொடங்கினார். ஆனால் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டும்தான் இடம். இந்தியச் சிறுவர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுத்தால் நாளை நமக்கெதிராகவே திரும்புவார்களோ என்ற பயம் ஆட்சியாளர்களுக்கு.

4/ கதவு திறக்கட்டும்னு சென்னை காத்திருக்கவில்லை. 1916-17-ல் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினாங்க. பயிற்சி அதேதான். தலையில் மட்டும் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. பாட்டு நம்ம நாட்டுப் பாட்டு.

5/ இதே காலத்தில் வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் மூவரும் அலகாபாத்தில் சேவா சமிதி சாரணர் அமைப்பைக் கட்டினாங்க.

6/ 1921-ல் பேடன் பவலே இந்தியா வந்தார். சென்னைச் சங்கம் உலக இயக்கத்தோடு இணைந்தது. பெசன்ட் அம்மையார் கௌரவ ஆணையரானார். 1932-ல் இயக்கத்தின் உயரிய விருதான வெள்ளி ஓநாய் அவருக்குக் கிடைத்தது. முதலில் வேலை, பிறகுதான் அங்கீகாரம். கவனிங்க.

7/ எல்லாம் சுமுகமா முடிஞ்சிடலை. சேவா சமிதி அப்போது சேரவில்லை. 1938-ல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் தனியாக உருவானது. விடுதலைக்குப் பிறகு, 7 நவம்பர் 1950 அன்றுதான் அமைப்புகள் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் ஆனது. 1951-ல் சாரணியரும் சேர்ந்தாங்க.

8/ டாக்டருக்கு இதில் என்ன அக்கறைன்னு கேட்பீங்க. அந்தக் கழுத்து ஸ்கார்ஃபைப் பிரித்தால் முக்கோணத் துணி. கை முறிந்தால் தூளி. ரத்தம் கொட்டினால் மடித்து வைத்து அழுத்தலாம். துணி நனைந்தால் எடுக்கக் கூடாது, மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தணும். இது தெரிந்த ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை, ஆம்புலன்ஸ் வரும்வரை ஓர் உயிரைப் பிடித்து வைக்க முடியும்.

9/ ஒரகடம் பக்கம் இருக்கிறவங்க யோசிங்க. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரி, ஷிஃப்ட் பஸ், நடுவில் பைக். அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் கூடும், கையை வைக்கத் தெரிந்தவர் ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தரைப் பள்ளியிலேயே உருவாக்கலாம்.

10/ இன்னொன்று. தொழிற்சாலை வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவங்க பிள்ளைகளும் இங்கே படிக்கிறாங்க. ஸ்கவுட் வரிசையில் அவங்களும் நிற்கட்டும். "நீ எங்க ஆள் இல்லை"ன்னு 1909-ல் நம்மை நிறுத்தின அந்த வாசலை நாம திரும்பக் கட்ட வேண்டாம்.

11/ ஃபார்ம் மேசை மேலதானே இருக்கு? கையெழுத்து போடுங்க.