தாஊனும் தடுப்பூசியும்

அரபு நூல்கள் தாஊன் எனக் குறிக்கும் பிளேக் நோய், 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்டுவிப் பகுதியில் கண்டறியப்பட்டது. காற்றோட்டமான மாளிகைகளில் வாழ்ந்த வெள்ளையரைவிட, நெருக்கடியான குடியிருப்புகளில் அடைந்து கிடந்த இந்நாட்டு ஏழையரையே அது பெரிதும் வாரிச் சென்றது.

1897இல் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றிற்று. பூனாவில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதனையிட்டனர்; பெண்டிர் கண்ணியமும் பேணப்படவில்லை. நோயைவிட அரசுக்கே அஞ்சிய மக்கள், நோயாளரை மறைத்து வைத்தனர்.

அவ்வாண்டு ஜனவரியில் ஹாஃப்கின் என்னும் அறிஞர், தாம் கண்ட தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். ஆயினும் மக்களின் ஐயம் அகலவில்லை. அப்போது ஏறத்தாழ இருபது வயதினரான இஸ்மாயிலியரின் இமாம் மூன்றாம் ஆகாகான், ஆய்வுக்கென இல்லமொன்றை அளித்ததோடு, பலரும் காண அவ்வூசியைப் போட்டுக்கொண்டார். அவருடைய சமூகத்தார் ஆயிரக்கணக்கில் முன்வந்தனர். ஊசி போட்டுக்கொண்டோரிடையே சாவும் குறைந்தது. பிற சமூகத்தாரும் தத்தம் மக்களுக்கென மருத்துவமனைகள் அமைத்தனர்.

படைக்கு அடைபட்ட கதவு தம்மவர்க்குத் திறந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜமாஅத்தார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மற்றொரு கொள்ளைநோய் வரும் நாளில், ஊசிக்கு முதலில் கை நீட்டுவோர் பள்ளிவாசலின் இமாமும் முத்தவல்லியுமாக இருக்கட்டும்.