தாங்கியும் போத்தலும்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. பலாலிப் படைத்தளத்தை அண்டிய தெல்லிப்பழையிலிருந்து பலர் இடம்பெயர்ந்ததும் அக்காலத்திலேயே. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். வழியில் நின்று குளிர்ந்தால் மீண்டும் துளிகள் வேண்டும். ஆதலால் செல்லக்கூடிய தூரத்தைத் தீர்மானித்தது தாங்கியின் கொள்ளளவன்று. போத்தலில் எஞ்சிய பெற்றோலே. தாங்கி நிறைந்திருப்பினும், போத்தல் வெறுமையானால் நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்ல வழியில்லை.

2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் எனப் பங்கிடப்பட்டது. தென்னிலங்கைக்கு அது புதிய துயரம். யாழ்ப்பாணத்து முதியோருக்கோ, துளிக்கணக்கில் வாழ்ந்தோர்க்கு, 4 லீற்றர் பெருஞ்செல்வம்.