ஐந்தும் ஐந்து இலட்சமும்: டிராகன் பால் சண்டை விளையாட்டுகளின் வரலாறு

வீடியோ விளையாட்டு குறித்து இலக்கிய வாசகர்களிடம் பேச முற்படுகையில் சிறு தயக்கம் எழுவது இயல்பே. ஆயினும், ஒரு கதை பிறிதொரு வடிவத்துக்குப் பெயரும்போது அதன் அறம் என்னவாகிறது என்னும் வினா நமக்குப் புதியதன்று. டிராகன் பால் என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையையும், அதிலிருந்து கிளைத்த சண்டை விளையாட்டுகளையும் அவ்வினாவின் துணைகொண்டு அணுகிப் பார்ப்போம்.

அகிரா தோரியாமா இக்கதையை 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடராக வரைந்தார். 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற பழஞ்சீன நாவலின் வானர வீரன் சுன் வூகோங்கின் பெயரே ஜப்பானிய ஒலிப்பில் சோன் கோகு ஆயிற்று. 1986இல் அனிமேத் தொடராகத் தொலைக்காட்சிக்கு வந்த இக்கதை, 1989 முதல் 'டிராகன் பால் இசட்' என்ற பெயரில் நீண்டது.

வேடிக்கைப் பயணமாகத் தொடங்கிய கதை நாளடைவில் ஆற்றலின் கணக்கேடாக மாறியது. கண்ணில் அணியும் கருவியொன்று எதிராளியின் வலிமையை எண்ணாகவே காட்டிவிடுகிறது. துப்பாக்கி ஏந்திய உழவர் ஒருவருக்கு அது காட்டும் எண் 5. பின்னர் வரும் கொடுங்கோலன் ஃப்ரீசா தன் வலிமை 5,30,000 என்று அறிவிக்கிறான். இவ்வெண்களின் ஏற்றத்தில் கோகுவின் பழைய தோழர்கள் பின்தங்கிப் போகின்றனர். யாம்சா, சிறு பகையொன்று தன்னைத்தானே வெடித்துக்கொண்டதில் மாள்கிறான். கிரிலின் ஃப்ரீசாவின் கையால் மடிகிறான். அவன் மரணத்தின் பயன் கோகுவின் சினத்தை மூட்டுவது மட்டுமே.

கேப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' 1991இல் வெளிவந்து, இருவர் எதிரெதிர் நின்று மோதும் விளையாட்டுக்கு இலக்கணம் வகுத்தது. அவ்விலக்கணத்தைத் தழுவி 1993இல் பண்டாய் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக 'சூப்பர் பூதோடென்' விளையாட்டை வெளியிட்டது. வானில் பறந்து, தொலைவிலிருந்து ஒளிக்கற்றை எறியும் வீரர்களை ஒரே திரைக்குள் அடக்குவது எங்ஙனம்? வீரர்கள் விலகியதும் திரை இரண்டாகப் பிரியும், நெருங்கியதும் ஒன்றாகும். எளிய, அழகிய தீர்வு அது.

வலிமை வேறுபாட்டைக் கையாள்வதோ இதனினும் கடினம். 5க்கும் 5,30,000க்கும் இடையே ஆட்டம் ஏது? இருவரும் ஏறத்தாழ ஒரே தரத்தில் நின்றால்தான் விளையாட்டுக்குப் பொருளுண்டு. ஆகவே கதையின் ஏணியை விளையாட்டு கீழே கிடத்திவிட்டது. 2002இல் டிம்ப்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்காக உருவாக்கிய 'பூதோகாய்' விளையாட்டில் கிரிலினும் யாம்சாவும் களம் கண்டனர். இருவர் மோதும் ஆட்டத்தில், விரல் தேர்ந்த சிறுவன் ஒருவன் கிரிலினைக் கொண்டே ஃப்ரீசாவை வீழ்த்தலாம். கதை மறுத்த நீதியை இங்கே ஆடுபவனே வழங்கிக்கொள்கிறான்.

2005இல் ஸ்பைக் நிறுவனத்தின் 'ஸ்பார்க்கிங்!' காட்சிக்கோணத்தை வீரனின் முதுகுக்குப் பின்னால் நகர்த்தி, வானவெளியை மீட்டுத் தந்தது. 2007இல் வந்த அதன் மூன்றாம் பாகத்தில் ஆடத்தக்க உருவங்கள் 150ஐத் தாண்டின. 2018இல் ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் உருவாக்கிய 'டிராகன் பால் ஃபைட்டர்ஸ்' மீண்டும் பக்கவாட்டுக் காட்சிக்குத் திரும்பி, மூவர் அணிகளை மோதவிட்டது.

தோரியாமா 2024 மார்ச்சில் மறைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான 'ஸ்பார்க்கிங்! ஜீரோ' கதையின் ஏற்றத்தாழ்வைத் தெரிந்தே மீட்டெடுத்தது. அதில் வலியவர் வலியவரே. ஆயினும் அதன் அணிப்போட்டி ஒன்றில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலையுண்டு; 15 புள்ளிகளுக்குள் அணியை அமைத்தாக வேண்டும். பெருவலியோனைத் தேர்ந்தால் துணைக்கு ஆள் குறையும். எளியோரைத் தேர்ந்தால் பலர் சேரலாம்.

இச்சமத்துவம் கொள்கையால் விளைந்ததன்று, விளையாட்டின் தேவையால் விளைந்தது என்பதை நாம் மறக்கலாகாது. எனினும் கதை கைவிட்ட யாம்சாவை விரும்பித் தேர்ந்தெடுத்து, தோற்றாலும் மீண்டும் அவனையே தேர்ந்தெடுக்கும் ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். துணைமாந்தர்மீது அவர்கள் காட்டும் இப்பரிவை ஒருவகை வாசிப்பு என்றே நாம் கொள்கிறோம்.