நாலு கைதிகளும் ஒரு வெள்ளைப் பாறையும்

ஏப்ரல், மே மாதத்தில் ஸ்காட்லாந்து பக்கம் போகிற வாய்ப்பு கிடைத்தால், எடின்பரோ கோட்டையைப் பார்த்த கையோடு திரும்பிவிடாதீர்கள். ரயிலில் அரை மணி நேரம் போனால் நார்த் பெரிக் என்று ஒரு சின்ன ஊர். அந்தக் கடற்கரையில் நின்று பார்த்தால் கடலுக்குள் 100 மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஒரு பாறை தெரியும். பெயர் பாஸ் ராக். எரிமலைப் பாறை. நியாயமாகக் கறுப்பாக இருக்க வேண்டும். வசந்த காலத்திலோ பனி கொட்டியது மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும்.

பனி இல்லை. பறவைகள்! (மிச்சம், அவற்றின் எச்சம்.)

கேனட் என்கிற கடற்பறவை. சிறகை விரித்தால் ஆறடி. 30 மீட்டர் உயரத்திலிருந்து சிறகை மடக்கிக்கொண்டு, மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் கடலுக்குள் பாயும். நாம் பாய்ந்தால் கழுத்து போய்விடும். அதற்கு ஒன்றும் ஆகாது. அடியைத் தாங்கத் தோலுக்கடியில் காற்றுப் பைகள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரே முட்டை. அதையும் சவ்வுக் கால்களால் போர்த்தித்தான் அடைகாக்கும்.

ரத்த ஓட்டத்தை விளக்கினாரே வில்லியம் ஹார்வி, அந்த டாக்டர் 1651-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்தப் பாறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கூடும் முட்டையுமாகக் கால் வைக்க இடமில்லையாம்.

அந்தக் காலத்தில் பாறையின் சொந்தக்காரருக்குப் பறவைதான் வருமானம். குஞ்சு கறிக்கு, இறகு மெத்தைக்கு. பி.காம். படித்தவன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. தீவனச் செலவு முழுக்கக் கடலுடையது. இதைவிட நல்ல வியாபாரம் உண்டா?

1671-ல் அரசாங்கம் 4,000 பவுண்டு கொடுத்துப் பாறையை வாங்கியது. கறிக்காக அல்ல, ஜெயிலுக்காக! ராஜா சொல்கிறபடி சாமி கும்பிட மாட்டோம் என்று முரண்டு பிடித்த பாதிரியார்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள்.

அப்புறம் 1688-ல் ராஜாவே மாறிவிட்டார். ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓட, வில்லியம் வந்தார். ஜேம்ஸுக்காகச் சண்டை போட்டுப் பிடிபட்ட இளம் அதிகாரிகள் நாலு பேர் இங்கே கைதிகள். 1691 ஜூனில் ஒருநாள் கப்பலில் நிலக்கரி வந்தது. இறக்குவதற்காகக் காவலர்கள் மொத்தப் பேரும் கீழே போனார்கள். நாலு பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? கோட்டைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார்கள். கைதி உள்ளே, காவலர் வெளியே!

ஏதோ ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்கள் என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம்! பின்னால் சில ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், பிரெஞ்சுக் கப்பல்கள் சாமான் கொடுத்தன. அரசாங்கத்தின் போர்க்கப்பல்கள் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம். கடைசியில் சமாதானம் பேச வந்தவர்களுக்கு உயர்ந்த பிரெஞ்சு ஒயினும் பிஸ்கட்டும் கொடுத்து உபசரித்தார்களாம். மதில் மேல் தொப்பியும் கோட்டும் மாட்டிய துப்பாக்கிகள் வரிசையாக நின்றனவாம், பெரிய படை இருப்பது மாதிரி. வந்தவர்கள் நம்பிப் போனார்கள் என்று சொல்கிறார்கள். 1694 ஏப்ரலில், தண்டனை கிடையாது என்ற உறுதியோடு, வாளும் கையுமாக இறங்கி வந்தார்கள்.

அவமானப்பட்ட அரசாங்கம் 1701-ல் கோட்டையை இடித்தது. 1706-ல் பாறை டால்ரிம்பிள் குடும்பத்துக்குப் போனது. இன்றும் அவர்களுடையதுதான். மேலே குடியிருப்பது மட்டும் பறவைகள். 2014 கணக்கெடுப்பில் 75,000 ஜோடிக்கு மேல். உலகிலேயே பெரிய கேனட் குடியிருப்பு என்று பெயர்.

போர்க்கப்பலால் ஏற முடியாத பாறையில், 2022 கோடையில் பறவைக் காய்ச்சல் ஏறியது. ஒன்றையொன்று கொத்துகிற தூரத்தில் கூடுகள் இருந்தால் நோய்க்குக் கேட்கவா வேண்டும்? வெள்ளைக்கு நடுவே கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. மறு வருஷம் எண்ணியபோது 52,000 ஜோடிகூடத் தேறவில்லை.

பிழைத்த சிலவற்றில் ஒரு விசித்திரம். கேனட்டின் கண் வெளிர் நீலம். இவற்றுக்கோ கறுப்பாகிவிட்டிருந்தது. ரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த நோய் வந்து தப்பியதாகத் தெரிந்த பறவைகளில் அநேகமாக எல்லாவற்றுக்குமே கறுப்புக் கண்.

நார்த் பெரிக்கில் படகு ஏறும்போது பைனாகுலரை மறந்துவிடாதீர்கள். பாறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கண்ணைப் பாருங்கள்.