வாடூனும் சுட்ட ஊனும்

சென்ற தை மாதத்தில் ஒருநாள் என் மகன் தன் குடும்பத்தாரோடு என்னையும் கோயம்புத்தூரில் உள்ள ஓர் உணவு விடுதிக்கு அழைத்துச் சென்றான். மேசையின் நடுவே ஒரு குழி. அதில் கனன்றுகொண்டிருந்த கரி நெருப்பு. அதன்மேல் இரும்புக் கம்பிகளில் கோத்த இறைச்சித் துண்டுகள். என் பேரன் பெருமையோடு, "அப்பாரு, இதுக்குப் பேரு பார்பிக்யூ. உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தணலில் கொழுப்புச் சொட்டி எழுந்த புகையின் மணம் என்னைத் தடுத்துவிட்டது. அது எனக்குப் பழகிய மணம். காங்கேயத்துக்குக் கிழக்கே எங்கள் சிற்றூரில், என் ஆத்தாவின் அடுப்படியில் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நான் முகர்ந்த மணம். பேரனுக்கு அன்று முழுமையாக விடை சொல்ல என்னால் இயலவில்லை. இன்று உங்களிடம் சொல்ல முயல்கிறேன்.

எங்கள் ஊரில் அக்காலத்தில் கறி என்பது அன்றாட உணவு அன்று. மாரியம்மன் பொங்கலுக்கோ கருப்பணசாமிக்குக் கிடாய் வெட்டும்போதோதான் வீட்டில் கறி வேகும். ஓர் ஆட்டை அறுத்தால் உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் பங்கு போக மிஞ்சுவது உண்டு. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதை எப்படிக் காப்பது? அதற்கு நம் முன்னோர் கண்ட வழிதான் உப்புக்கண்டம். கண்டம் என்றால் துண்டு. உப்பிட்ட துண்டு என்பதே அச்சொல்லின் பொருள்.

ஆத்தா எலும்பை நீக்கிவிட்டுக் கறியை விரற்கடைப் பருமனில் நீளநீளமாக அரிவார். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு ஆகியவற்றை அம்மியில் அரைத்துக் கறியோடு பிசறி ஓர் இரவு வைப்பார். மறுநாள் அதைக் கயிற்றில் கோத்து வாசலில் வெயில்படக் கட்டுவார். காக்கை வாராமல் குச்சியோடு காவல் இருப்பது என் வேலை. மாலையானதும் அந்தச் சரம் அடுப்புக்கு நேர்மேலே உள்ள கொடிக்கு ஏறிவிடும். கருவேல விறகும் பருத்திமாரும் எரிந்த புகை இரவெல்லாம் அதன்மேல் படியும். நாலைந்து நாளில் கறி கறுத்துச் சுருங்கிக் கல்போல் ஆகிவிடும். பின்னர் மண்பானையில் இட்டு வாயைத் துணியால் கட்டிப் பரணில் ஏற்றுவார். ஐப்பசி மழையில் காட்டுக்குப் போக முடியாத நாளில் இரண்டு துண்டுகளை எடுத்துத் தணலில் வாட்டி, அம்மியில் தட்டி, கடலெண்ணெயில் வதக்குவார். அந்த ஒரு துண்டைத் தொட்டுக்கொண்டே ஒரு வட்டில் கம்பஞ்சோறு உண்டுவிடலாம்.

படிப்பறியாத ஆத்தா செய்த இந்த வேலைக்குள் ஒரு பெரிய அறிவு பொதிந்திருந்தது. உப்பு இறைச்சியில் உள்ள நீரை ஈர்த்து வெளியேற்றுகிறது. நீர் குறைந்த இடத்தில் அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக முடிவதில்லை. வெயில் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. புகையில் உள்ள பீனால் முதலிய வேதிப்பொருள்கள் கொழுப்புக் காறாமல் தடுக்கின்றன, நுண்ணுயிர்களையும் அடக்குகின்றன. புகைக்கு ஈயும் அஞ்சும்.

நம் கொங்கு மண்ணும் இதற்கு இசைந்த மண்ணே. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையை மறித்துக்கொள்வதால் மலைக்குக் கிழக்கே உள்ள சமவெளி வறண்ட நிலம். கோயம்புத்தூர்ச் சமவெளியில் ஓர் ஆண்டின் மழை சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் உழவுக்கு நீர் போதாத நிலங்களைக் கிளுவை வேலியிட்டு, வெள்வேல மரத்தையும் கொழுக்கட்டைப் புல்லையும் வளர்த்து, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமாக நம் உழவர் வைத்திருக்கின்றனர். ஆடும் மாடும் நிறைந்த நாடு. காற்றும் வெயிலும் நிறைந்த நாடு. இங்கே இறைச்சியை உலர்த்திக் காக்கும் பழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆனால் கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. உப்பு வெளியிலிருந்துதான் வரவேண்டும். சங்க காலத்தில் உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டி வண்டியாக உப்பை உள்நாட்டுக்குக் கொணர்ந்தனர். பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னை மாகாணத்தில் 1805ஆம் ஆண்டில் உப்பைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளியதை நாம் அறிவோம். 1947இல்தான் உப்பு வரி ஒழிந்தது. அதுவரை ஏழையின் அடுப்புக்குமேல் தொங்கிய உப்புக்கண்டத்திலும் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு இருந்தது.

இனிப் பேரனுடைய கேள்விக்கு வருவோம். நெருப்பில் சுட்ட ஊன் நம் நாட்டுக்குப் புதியதா?

முடத்தாமக் கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாற் பெருவளத்தானைக் கண்டு மீண்ட பொருநன் தான் பெற்ற விருந்தை விரித்துரைக்கிறான். அறுகம்புல் மேய்ந்து கொழுத்த ஆட்டின் தொடை, இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுவிய ஊன் என்று அது நீள்கிறது. இரவும் பகலும் ஊன் மென்றதால் அவனுடைய பற்கள் புன்செயை உழுத கொழுவைப்போல் மழுங்கினவாம். கம்பியில் கோத்துச் சுடும் இந்தப் பக்குவம் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. காட்டிலும் அது உண்டு. சேக்கிழார் காட்டும் கண்ணப்பர் தாம் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியைத் தீயில் காய்ச்சி, நாவில் இட்டுச் சுவை பார்த்துக் காளத்தியப்பருக்குப் படைத்தார்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ வேறொரு வீட்டைக் காட்டுகிறது. எயினர் குடிசை. அங்குள்ள பெண்டிர் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டுகின்றனர்; கிணற்றில் ஊறிய உவர்நீரை முகக்கின்றனர்; விளிம்பு உடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கின்றனர். அவ்வுணவோடு சேர்வது வாடூன். வாடூன் என்றால் வாடிய ஊன், அதாவது உலர்த்திய இறைச்சி. நம் உப்புக்கண்டத்தின் பாட்டி அதுதான்.

அரசன் அவையில் சுட்ட ஊன். ஏழையின் குடிசையில் வாடூன். சுடச்சுட உண்டு மிஞ்சியதை எறியக்கூடியவன் ஒருவன். நாளைக்கு என்று எடுத்துவைக்க வேண்டியவன் மற்றொருவன். சுடுவதும் உலர்த்துவதும் சமையற் பக்குவங்கள் மட்டும் அல்ல. இரண்டு வாழ்க்கை நிலைகள்.

உலகெங்கும் இதே கதைதான். பார்பிக்யூ என்னும் சொல், கரீபியத் தீவுகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள் நெருப்புக்குமேல் கட்டிய மரப்பரணின் பெயரிலிருந்து பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இசுப்பானியர் அதைப் பார்பகோவா என்று எழுதிவைத்தனர். ஆண்டீசு மலைமக்கள் இறைச்சியை உலர்த்தி அதற்குச் சார்க்கி என்று பெயரிட்டனர். இன்று கடைகளில் ஜெர்க்கி என்று உறையிட்டு விற்கும் பண்டத்தின் பெயர் அதிலிருந்து வந்ததே. எளிய மக்கள் கண்ட பக்குவங்கள் கடல் கடந்து, பெயர் மாறி, விலை ஏறி நம் மேசைக்கு வந்திருக்கின்றன.

நம் ஊர் அடுப்படியிலிருந்து உணவு விடுதிக்கு இறைச்சி வந்த வழியையும் சிறிது காண்போம். கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888இல் தோன்றியது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. வேலை தேடி வந்த ஆடவர் ஆலைக்கு அருகே சிற்றறைகளில் கூடித் தங்கினர். இரவு முறை முடித்து வருபவனுக்கு அடுப்பு ஏது? புகைக்கொடி ஏது? அவர்களுக்குச் சோறு போட மெஸ்ஸுகளும், மிலிட்டரி ஓட்டல் என்று பலகை மாட்டிய புலால் உணவு விடுதிகளும் எழுந்தன. அதே 1930களில்தான் மதுரைச் சீமையில் முனியாண்டி விலாஸ் என்னும் பெயரும் தோன்றித் தமிழகம் முழுவதும் பரவியது. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் கோழி வறுவல் இன்று சென்னையிலும் கிடைக்கிறது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு ஆகிய மூன்றையும் நம்பி நிற்கும் வீட்டுச் சமையல் அது.

உணவு விடுதி நம் சமூகத்துக்குச் செய்த பெரிய உதவி சுவை அன்று. அது போட்ட பலகை. காசு கொடுத்தவன் எவனும் அதில் அமரலாம் என்பது அதன் விதி. அந்த விதியும் தானாக நிலைபெற்றதன்று. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதன்பின்னரும் நம் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை நெடுங்காலம் நீடித்தது. பார்த்துக்கொண்டு வாளாவிருந்தோருள் நானும் ஒருவன்.

வாளாவிருந்ததோடும் நான் நிற்கவில்லை. அதை மறைத்துவிட்டு வரலாறு பேசுவது எனக்குத் தகாது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிது; 1980களின் நடுப்பகுதி. என் வகுப்பில் ஒரு மாணவன் தூக்குப்போசியில் மதிய உணவு கொண்டுவருவான். ஒருநாள் அவன் மூடியைத் திறந்ததும் உப்புக்கண்டத்தின் மணம் எழுந்தது. அது ஆட்டுக்கறி அன்று என்பதை மற்றப் பிள்ளைகள் எப்படியோ அறிந்திருந்தனர். மூக்கைப் பொத்திச் சிரித்தனர். நான் சிரித்தவர்களைக் கண்டிக்கவில்லை. "வெளியில் போய்ச் சாப்பிடு" என்று அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் மூடியை அழுத்திக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் உணவு கொண்டுவந்ததை நான் பார்க்கவில்லை. அவன் தாய்க்கு அந்தக் கறியை உலர்த்த எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கவும் எனக்கு அன்று தோன்றவில்லை. அதே பக்குவத்தில் என் ஆத்தா செய்ததை நான் சப்புக்கொட்டி உண்டவன்.

இன்று அதே புகை மணத்துக்கு நகரத்தில் நாம் முன்பதிவு செய்து காத்திருக்கிறோம். உப்புக்கண்ட வறுவல் என்று சில விடுதிகளின் உணவுப் பட்டியலிலும் காண்கிறேன். பண்டம் மாறவில்லை. உண்பவன் யார் என்பதை வைத்தே நாம் அதை இழிவு என்றும் விருந்து என்றும் அழைத்திருக்கிறோம்.

அப்படியானால் வீட்டில் உலர்த்துவதே சிறந்தது, விடுதிக்குச் செல்வது வீண் என்று சொல்ல வந்தேனா? இல்லை. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியை மிகுதியாக உண்பது புற்றுநோய்க்கு இடமளிக்கும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. நம் முன்னோர் அதை மழைநாளில் ஒரு துண்டு என்றுதான் உண்டனர். மேலும் அடுப்புக்குமேல் படிந்த புகை கறியில் மட்டும் படியவில்லை. என் ஆத்தாவின் கண்ணிலும் நெஞ்சிலும் படிந்தது. கரண்டியைப் பிடித்த அவர் பங்குக்குப் பெரும்பாலும் மிஞ்சியது குழம்புதான். வீட்டில் உள்ள பெண்டிரும் ஒருநாள் அமர்ந்து உண்ண, மற்றவர் பரிமாறுவது நல்லதே. அந்த விடுதியில் என் மருமகள் முதல் கவளத்தைச் சூட்டோடு உண்டதைக் கண்டேன். அது என் ஆத்தாவுக்குக் கிடைக்காத பேறு.

விடுதியிடமிருந்து நாம் கற்கவேண்டியது பொதுப்பலகை. வீட்டிடமிருந்து கற்கவேண்டியது, ஓர் உயிரைக் கொன்று பெற்ற உணவில் ஒரு துண்டையும் வீணாக்காத சிக்கனம். தட்டில் பாதியை மிச்சம் வைத்து எழுந்த பேரனுக்கு வாடூனின் கதையை அன்றிரவு சொன்னேன். புளியமரத்தடியின் கதையை இன்னும் சொல்லவில்லை. இந்தப் பேச்சை அவன் கேட்டுக்கொண்டிருப்பான்.

அந்த மாணவருக்கு இப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்று அறியேன். இந்தக் குரல் அவர் காதில் விழுமானால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஐயா, அன்று வகுப்பை விட்டு வெளியே போயிருக்க வேண்டியது உங்கள் தூக்குப்போசி அன்று, என் அறியாமை. என்னைப் பொறுத்தருளுங்கள்.