தேறிய பீர்: இந்தியா பேல் ஏலின் பிறப்பும் மறுபிறப்பும்

வொர்த்திங்டன் ஒயிட் ஷீல்ட் புட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு நாளாவது அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். அடியில் ஈஸ்ட் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அது உயிருள்ள ஈஸ்ட். மூடி போட்ட பிறகும் புட்டிக்குள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருப்பது. ஒரே மூச்சில், கை நடுங்காமல் இறுத்து ஊற்றினால் செம்பு நிறத்தில் தெளிவாக வரும். கை அசைந்தால் கழுநீர் போலக் கலங்கிவிடும். எனக்கு முதல் புட்டி கலங்கித்தான் வந்தது. இரண்டாவது புட்டி தெளிவாக இறங்கியது. மூக்கருகே கொண்டுபோனதும் தீக்குச்சி கிழித்தது போன்ற கந்தக வாடை. அது அடங்கியதும் நார்த்தங்காய்த் தோலின் மணம், அதற்குப் பின்னால் ரொட்டியின் கருகிய மேலோடு. கசப்பு நாக்கின் நுனியில் தெரியவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையின் அடியில் சுண்டைக்காய் வற்றலைப் போல எழுந்து, துவர்ப்பாக முடிந்தது. ஆல்கஹால் 5.6 விழுக்காடு. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் 1829-இலிருந்து வரும் மரபு என்று இதைச் சொல்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்தியா பேல் ஏல் என்ற இந்த வகைப் பீர் பெரும்பாலும் வழக்கொழிந்தபோதும், ஈஸ்ட் படிவோடு விற்கப்பட்ட மிகச் சில புட்டி பீர்களில் இதுவும் ஒன்றாகத் தப்பியது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் கல்கத்தாவிலும் மதராஸிலும் குடித்த இந்தியா பேல் ஏல், அதாவது இன்று ஐபிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, இதே சுவையில்தான் இருந்ததா? இருந்திருக்காது என்பதே என் முடிவு. அந்தப் பீரின் பாதி வேலை காய்ச்சும் பட்டறையில் நடந்தது. மறுபாதி கப்பலின் அடித்தளத்தில் நடந்தது. செய்முறைக் குறிப்பில் முதல் பாதிதான் இருக்கிறது.

பரவலாக வழங்கும் கதை இது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கு லண்டனின் போ பகுதியில் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ் ஹாட்சன், இந்தியா போகும் வழியில் பீர் கெட்டுவிடுவதைக் கண்டு, ஆல்கஹாலையும், கசப்பு தரும் ஹாப் பூவையும் கூட்டிப் புதிய பீர் ஒன்றைக் கண்டுபிடித்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிட்டிஷ் பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் பழைய செய்தித்தாள்களையும் வணிகக் குறிப்புகளையும் துருவிப் பார்த்தபோது இதற்குச் சான்று எதுவும் அகப்படவில்லை. 1784-லேயே கல்கத்தா கெஜட்டில் லண்டன் போர்ட்டரும் பேல் ஏலும் விற்பனைக்கு விளம்பரமாகியிருக்கின்றன. கருநிறப் போர்ட்டர், பேல் ஏலைவிட ஹாப் குறைந்தது. அதுவும் கெடாமல்தான் இந்தியா வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐபிஏவில் ஆல்கஹால் சுமார் 6 முதல் 7 விழுக்காடு. இன்றைக்கு அது கனமாகத் தோன்றலாம். அன்றைய இங்கிலாந்தின் அளவுகோலில் நடுத்தரம்தான்.

ஹாட்சனுக்குக் கைகொடுத்தது ரசாயனம் அல்ல, இடம். 1752-இல் தொடங்கிய அவருடைய பட்டறை லீ ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றோடு சற்றுத் தூரம் இறங்கினால் பிளாக்வால். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நங்கூரமிட்ட துறை. கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களுக்குச் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. பன்றித் தொடைக்கறி, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிச் சாமான், கூடவே பீர். ஹாட்சன் அவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். போய், விற்று, திரும்பி வந்து பணம் கட்டினால் போதும். நம்மூர் மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்குவதைப் போன்ற ஏற்பாடுதான். லண்டனில் அவரைவிடப் பெரிய பட்டறைகள் இருக்க, நடுத்தர முதலாளி ஒருவரின் பெயர் வங்காளத்தில் பீருக்கே பெயரானது இப்படித்தான்.

கப்பல் தலைவர்கள் வாங்கிய சரக்குகளில் ஒன்று 'அக்டோபர் பீர்' மரபைச் சேர்ந்தது. வெளிர் மால்ட்டும் அறுவடைப் புது ஹாப்பும் சேர்த்து இலையுதிர் காலத்தில் காய்ச்சி, பண்ணை வீட்டுச் சீமான்கள் தங்கள் நிலவறைகளில் ஓரிரு ஆண்டுகள் வைத்திருந்து குடித்த பீர் அது. புதிதாகக் குடித்தால் வாய் இழுக்கும் கசப்பு. நாள்பட நாள்பட உருண்டு திரளும். தமிழில் இதற்கு அழகான சொல் உண்டு: தேறுதல். தெளிந்து முதிர்ந்த மதுவுக்குச் சங்கப் புலவர்கள் தேறல் என்று பெயரிட்டதற்குப் பின்னாலும் இதே அனுபவம்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தேறுதலைக் கடல் விரைவுபடுத்தியது. அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மீண்டும் வடக்கே ஏறி வர நான்கிலிருந்து ஆறு மாதம். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். குளிர்ந்த நிலவறையில் ஆண்டுக்கணக்கில் நடப்பது, வெப்பமும் ஆட்டமும் சேர்ந்த கப்பலின் அடிவயிற்றில் மாதக்கணக்கில் நடந்து முடிந்தது. ஹாப் பூவின் பிசினில் உள்ள கசப்பு அமிலங்கள் பீரைப் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவை அடக்கிவைத்தன. முதல் ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரையை, மரப்பீப்பாயின் இடுக்குகளில் குடியிருந்த இன்னொரு ஈஸ்ட் நிதானமாகத் தின்றது. அது இன்னதென்று அக்காலத்தில் யாருக்கும் தெரியாது. 1904-இல்தான் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாவுசன், ஆங்கிலேயரின் முதிர்பீருக்குத் தனிச்சுவை தருவது இதுவே என்று காட்டி, 'பிரெட்டனோமைசிஸ்' என்று பெயர் வைத்தார். பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள். அதன் மணத்தை நனைந்த தோல், குதிரை லாயம் என்றெல்லாம் வர்ணிப்பார்கள். எனக்கு மழையில் நனைந்து காய்ந்த வைக்கோற்போர் நினைவுக்கு வரும்.

மதராஸில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நிற்க, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கி வந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த எந்தச் சரக்கானாலும் கடைசி அரை மைல் நம் கடலோடிகளின் கையில்தான். வந்த பீப்பாய்களை வணிகர்கள் கிடங்கில் ஆறவிட்டுப் பிறகு புட்டிகளில் அடைத்து விற்றார்கள்.

ஹாட்சன் குடும்பத்தின் ஆதிக்கத்தைக் குலைத்தது அவர்களுடைய பேராசை. 1820களின் தொடக்கத்தில் பட்டறையை நடத்திய பிரெடரிக் ஹாட்சன், கப்பல் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே நேராக அனுப்பி விற்கத் தொடங்கினார். விலையை ஏற்றினார், கடனை நிறுத்தினார். அதே சமயம் பர்ட்டன் நகரத்துக்கு வேறொரு அடி விழுந்திருந்தது. அவர்களுடைய இனிப்பான, கனத்த, பழுப்பு ஏலை வாங்கிய ரஷ்யா 1822-இல் கடும் சுங்கவரி போட்டு அந்தச் சந்தையை மூடிவிட்டது. கம்பெனி இயக்குநர் கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டனின் சாமுவேல் ஆல்சாப்பிடம் ஹாட்சனின் பீரைக் காட்டி, இதைப்போலச் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆல்சாப்பின் மால்ட் ஆசாரி ஜாப் குட்ஹெட் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிப் பார்த்தார் என்பது பர்ட்டன்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்ளும் கதை.

போட்டியில் பர்ட்டன் வென்றதற்குத் தண்ணீரும் காரணம். அங்குள்ள கிணற்று நீரில் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், மிகுதி. சல்பேட் கசப்பைக் கூர்மையாக்கும். நாக்கில் ஒட்டவிடாமல் துடைத்தெடுக்கும். லண்டன் நீரில் காய்ச்சினால் அதே அளவு ஹாப் முரட்டுக் கசப்பாக நின்றுவிடும். என் கோப்பையில் முதலில் எழுந்த தீக்குச்சி வாடையும் அந்த நீரின் கைவரிசைதான். பின்னாளில் உலகெங்கும் பட்டறைக்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலந்து, அந்தச் செயலுக்கே பர்ட்டனின் பெயரை வைத்தார்கள். 1830களில் ஆல்சாப்பும் பர்ட்டனின் இன்னொரு பட்டறையான பாஸும் ஹாட்சனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. 1838-இல் பீட்டர் வாக்கர் காப்புரிமை பெற்ற 'யூனியன்' முறை அங்கே வேரூன்றியது. வரிசையாகக் கோத்த மரப்பீப்பாய்களில் நுரைத்துப் பொங்கும் ஈஸ்ட் குழாய் வழியே மேல்தொட்டிக்கு ஏறும். தெளிந்த பீர் மட்டும் கீழே திரும்பும்.

பெயர் வந்த கதையும் வேடிக்கையானது. 'கிழக்கிந்தியப் பேல் ஏல்' என்ற சொற்சேர்க்கை அச்சில் தென்படும் மிகப் பழைய இடங்களில் ஒன்று 1829-ஆம் ஆண்டின் சிட்னி செய்தித்தாள். இங்கிலாந்தில் 1835-இல் லிவர்பூல் விளம்பரத்தில் வருகிறது. 1827-இல் இந்தியா செல்லும் கப்பலொன்று ஐரிஷ் கடலில் உடைந்து, மீட்கப்பட்ட பீப்பாய்கள் லிவர்பூலில் ஏலம்போய், அப்படித்தான் ஆங்கிலேயருக்கே இந்தப் பீர் அறிமுகமாயிற்று என்று 1869-இல் வெளியான பர்ட்டன் வரலாற்று நூல் சொல்கிறது. அந்த ஆண்டில் அப்படியொரு கப்பற்சேதம் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. உள்நாட்டில் இது பரவியதற்கு 1839-இல் பர்ட்டனை எட்டிய ரயில் போதுமான விளக்கம்.

இந்தியாவில் இதைக் குடித்தவர்கள் யார்? சாதாரணச் சிப்பாய்க்குப் போர்ட்டர். பேல் ஏல் அதிகாரிகளின் மேசைக்கு. வெடியுப்பு கரைத்த நீரில் புட்டியைச் சுழற்றிக் குளிர்விப்பதற்கென்றே வசதியான வீடுகளில் 'ஆப்தார்' என்ற பணியாள் இருந்தான். குடித்தவர்களைப் பற்றிய குறிப்புகள் ஏராளம். சுழற்றியவனைப் பற்றிக் கிடைப்பது அந்தப் பதவிப் பெயரும் சில வரிகளும்தான். 1833-இல் பாஸ்டன் ஏரிப் பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. அடுத்த பத்தாண்டில் மதராஸ் கடற்கரையிலும் அதற்கொரு கிடங்கு எழுந்தது. விவேகானந்தர் இல்லமாக இன்று நிற்கும் ஐஸ் ஹவுஸ் அதுதான்.

வீழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1869-இல் சூயஸ் திறந்து நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் பயணம் ஒரு மாத அளவுக்குக் குறுகியது. கசௌலி, மர்ரீ, நீலகிரி என்று மலைவாசத் தலங்களிலேயே பட்டறைகள் எழுந்தன. நீலகிரியில் இருந்தவை உட்படத் தென்னிந்தியாவின் ஐந்து பழைய பட்டறைகளை இணைத்துத் தாமஸ் லீஷ்மன் 1915-இல் உருவாக்கியதே யுனைட்டட் புரூவரீஸ். குளிர்ந்த லாகர் எங்கும் வென்றது. முதல் உலகப் போர்க்காலத் தானியக் கட்டுப்பாடு இங்கிலாந்தின் ஐபிஏவையே நீர்க்கச் செய்தது. 4 விழுக்காட்டுக்கும் குறைந்த ஆல்கஹாலோடு அந்தப் பெயரில் அங்கே இன்றும் பீர் விற்கிறது.

மீட்பு முயற்சிகளில் மூன்றைப் பொருட்படுத்தலாம். 1994-இல் லண்டனில் பிரிட்டிஷ் பீர் எழுத்தாளர்கள் கூட்டிய கருத்தரங்குக்கு பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இரு நாட்டுப் பட்டறைக்காரர்களும் மாதிரிகளோடு வந்து, மறந்துபோன மரபை மீண்டும் பேசுபொருளாக்கினார்கள். 2007-இல் எழுத்தாளர் பீட் பிரவுன், பர்ட்டனில் பழைய முறையில் காய்ச்சிய பீப்பாயோடு பிரேசில் வழியாகக் கடலில் கல்கத்தாவுக்குக் கிளம்பினார். முதல் பீப்பாய் வழியிலேயே வெடித்தது. மாற்றாக வேறொன்று அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் பீப்பாய்களைப் பர்ட்டன் முற்றங்களில் வெட்டவெளியில் மாதக்கணக்கில் அடுக்கி, பொங்குவது முழுக்க அடங்கிய பிறகே கப்பலேற்றியது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. 2014-இல் அமெரிக்காவின் பேப்ஸ்ட் நிறுவனம், ஒரு காலத்தில் ஏறக்குறைய ஓராண்டு மரத்தொட்டியில் ஊறிய பாலன்டைன் ஐபிஏவை மீட்டது. மூலச் செய்முறை கைக்குக் கிட்டாததால், பழைய பகுப்பாய்வுகளையும் குடித்தவர்களின் நினைவையும் வைத்துத் தலைமைப் பட்டறைஞர் கிரெகரி டியூஸ் வீட்டில் சிறு சிறு தொகுதிகளாகக் காய்ச்சித் தேடினார். 7.2 விழுக்காடு. நல்ல பீர், ஆனால் சந்தை காத்திருக்காததால் மறுபடியும் நின்றுபோனது.

இன்றைய கடைகளில் ஐபிஏ என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி 1972-இல் அறிமுகமான கேஸ்கேட் போன்ற அமெரிக்க ஹாப்புகளின் வழிவந்தது. பம்பளிமாசும் மாம்பழமும் மணக்கும் அது, புட்டியிலடைத்த சில வாரங்களுக்குள் குடிக்கப்பட வேண்டியது. முதிரவிட்டுக் குடித்ததன் பெயரைப் புத்தம்புதிதாகக் குடிக்கும் பீர் எடுத்துக்கொண்டிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு பானங்கள். ஆனால் மீட்டெடுத்த பீர் என்று ஒன்றைச் சுவைத்து எழுதுபவர், ஹாப் அளவையும் தண்ணீரையும் மட்டும் சரிபார்த்துவிட்டு 'வரலாற்றைக் குடித்தேன்' என்று எழுதினால் அதை ஏற்பதற்கில்லை. எத்தனை மாதம், எதில், என்ன வெப்பத்தில் இருந்தது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். என் ஒயிட் ஷீல்ட் கண்ணாடிப் புட்டியில் இருந்தது; மரத்தைக் கண்டதில்லை; வைக்கோற்போர் மணம் அதில் துளியும் இல்லை. இப்போது யூனியன் பீப்பாய்களும் அருகிவிட்டன. பர்ட்டனில் கடைசியாக அவற்றை இயக்கிவந்த மார்ஸ்டன்ஸ் பட்டறை 2024-இல் நிறுத்திக்கொண்டது. ஒரு தொகுதி மட்டும் டெர்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் பட்டறைக்குப் போயிருக்கிறது.

இந்த வரலாறு பெரிதும் வங்காளத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. மதராஸ் கரையில் எத்தனை பீப்பாய் இறங்கியது, எத்தனை புளித்துப்போய்க் கழிக்கப்பட்டது, கிடங்கில் எவ்வளவு நாள் கிடந்தது, என்ன விலைக்குப் போனது ஆகிய கேள்விகளுக்கு விடை தேட வேண்டிய இடம் கம்பெனிக் காலத்து மதராஸ் ஆவணங்கள். அவை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொருளாதார வரலாற்று மாணவர் யாராவது அந்தக் கட்டுகளை அவிழ்க்க வேண்டும்.