ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு விமானம் என்பது பெரும்பாலும் ஒரு ஞாபகம். 1981-இல் தொடங்கப்பட்ட வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து இங்கே வந்து இறங்கின. பின்னர் அந்நிறுவனமே மறைந்தது. 2017-இல் உடான் திட்டத்தின் முதற்பட்டியலில் நெய்வேலியின் பெயர் இடம்பெற்றபோது, பழைய ஓடுதளத்தைப் பற்றிய பேச்சு வட்டங்களில் மீண்டும் எழுந்தது. விமானம் வராத ஓடுதளத்தை அறிந்தவர்கள், இனிப் பறக்க முடியாத விமானங்களின் கதையையும் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

போர் விமானங்களுக்குப் புகழ் உண்டு. போர் விமானிகளை உருவாக்கிய பயிற்சி ஜெட்களுக்கு அது அரிதாகவே வாய்க்கிறது. 1964 செப்டம்பர் 4 அன்று முதன்முறையாகப் பறந்த கிரண், பெங்களூரின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் உருவானது. ஆசிரியரும் மாணவரும் அதில் அருகருகே அமர்வார்கள். முகம் பார்த்துத் திருத்துவதற்கு வசதியான அமைப்பு அது. 1954 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் விமானப் பயிற்றுநர் பள்ளியிலும் கிரண் பறந்தது. 1996 முதல் 2011 வரை சூர்ய கிரண் சாகசக் குழு வானில் கோலமிட்டதும் இவ்விமானத்தில்தான். போலந்திலிருந்து 1975-இல் வாங்கப்பட்ட ஐம்பது இஸ்க்ரா விமானங்களும் இதே பணியைச் செய்தன.

இவற்றின் பணிக்காலம் முடிந்தபின் என்ன செய்வது? மேலைநாடுகளில் ஒரு விடை உண்டு. வேகம் குறைவு, இயந்திரம் எளிது, இருக்கைகள் இரண்டு என்பதால், பயிற்சி ஜெட்களைத் தனியார் வாங்கிப் பறக்கிறார்கள். செக் நாட்டின் எல்-39 விமானங்கள் அமெரிக்காவில் ஏராளமாகத் தனியார் கைகளில் உள்ளன. ஒரு கைக்கடிகார நிறுவனத்தின் பெயரில் அதே விமானங்களைக் கொண்ட சாகசக் குழு 2019 வரை பறந்தது. நம் நாட்டில் அப்படியொரு வழக்கம் வேர்கொள்ளவில்லை. எரிபொருளுக்கும் உதிரிபாகங்களுக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவு ஒன்றே எளிய மனிதரைத் தடுத்துவிடும். ஆகவே நம்மிடம் எஞ்சியவை இரண்டு வழிகள்: முச்சந்தியில் பீடம், அல்லது கல்லூரியில் ஒரு கொட்டகை.

இரண்டாவது வழியின் பயனுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தொழிலதிபர் சி. ராஜம் 1949-இல் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில், பணியிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்கள் பாடத்திற்காக வைக்கப்பட்டிருந்தன. 1950-களில் அங்கே படிக்க வந்த ராமேசுவரத்து இளைஞர் ஒருவர், மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பியபின்னும் அவற்றின் அருகிலேயே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். முதலாண்டு முடிவில் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது அவர் தயங்கவில்லை. விமானப் பொறியியலையே எடுத்துக்கொண்டார். 'அக்னிச் சிறகுகள்' நூலில் அப்துல் கலாம் இதைப் பதிவு செய்திருக்கிறார். விமானப்படையில் விமானியாகும் அவரது ஆசை நிறைவேறவில்லை. ஆனால் 2006 ஜூன் மாதம், குடியரசுத் தலைவராக, புனேயில் சுகோய் போர் விமானத்தில் பறந்தார்.

அந்த இரண்டு விமானங்களும் பறந்த காலத்தில் என்ன சாதித்தன என்பதை இன்று எவரும் பேசுவதில்லை. பறக்காமல் நின்ற காலத்தில் அவை செய்த காரியம் நமக்குத் தெரிந்திருக்கிறது.

பீடத்தின் மீது ஏற்றிய விமானம் அண்ணாந்து பார்ப்பதற்கு மட்டும் உரியது. அதன் மூடியைத் திறக்க முடியாது. சக்கரத்தைத் தொட முடியாது. வெயிலும் மழையும் வண்ணத்தைத் தின்னும். விழா நாட்களில் மறுபூச்சு நடக்கும். அதில் மரியாதை இருக்கிறது, பாடம் இல்லை. கொட்டகையில் நிற்பதோ, வெடிபொருள் அகற்றப்பட்ட இருக்கையையும், இறகின் உள்விலா எலும்புகளையும் காட்டிக்கொண்டே இருக்கும். கற்பிப்பதற்கென்றே பிறந்த இயந்திரம் ஓய்விலும் கற்பிப்பதுதான் இயல்பு.

நெய்வேலிக்கு இது புதிய சிந்தனையன்று. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது வெளிப்பட்ட கரிய துகளில்தான் இந்த நகரம் தொடங்குகிறது. தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் வளர்த்த ஊர் இது. தொழிற்பழகுநர்கள் ஆண்டுதோறும் வந்து இயந்திரங்களைக் கழற்றி மாட்டிக் கற்கும் ஊரும் கூட. இங்கே ஒரு பழைய கிரண் வந்து சேருமானால், அதை நுழைவாயில் வளைவின் அருகே உயரத்தில் ஏற்றிவிட வேண்டாம். ஓடுதளத்தின் ஓரத்தில், தரையிலேயே, மூடி திறந்தபடி நிற்கட்டும். மாலை வெகுநேரம் வரை அதன் அருகில் உட்கார்ந்திருக்க ஒரு பிள்ளை வராமலா போய்விடும்?